பைக்கில் ஜிபிஎஸ் கருவியைக் கழலாமல் பொருத்துவது எப்படி: ஹேண்டில்பார் முதல் திரை வரை முழு வழிகாட்டி

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சில வருடங்களுக்கு முன் அந்த மலையில் பாதி வளைவுகளைத் தாண்டியிருந்தபோது, ஹேண்டில்பாரில் இருந்த என் ஜிபிஎஸ் கருவி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கையை நீட்டுவதற்குள் கழன்று சாலையில் விழுந்துவிட்டது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் பிரேக் பிடித்து நிறுத்தியதால் கருவி பிழைத்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். ஹேண்டில்பாரைக் கவ்வியிருந்த கிளாம்ப் இம்மியும் அசையவில்லை. கருவியின் தட்டைப் பிடித்திருந்த நான்கு சின்ன ஸ்க்ரூக்களில் மூன்றைக் காணோம்.

அதற்கப்புறம் கருவியை வண்டியில் பிடித்து நிறுத்தும் மவுன்ட்டை நான் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு மூட்டு, கிளாம்பின் பந்துக்கும் அதைக் கவ்வும் கைக்கும் (இரண்டு பந்துகளை இணைக்கும் துண்டுக்கு 'கை' என்று பெயர்) நடுவே ஒன்று, கையின் மறுமுனையில் ஒன்று, அங்கிருந்து தட்டுக்கு ஒன்று, தட்டிலிருந்து கருவிக்கு ஒன்று. கடையில் கிளாம்பை ஆட்டிக் காட்டி "எவ்வளவு கெட்டி பாருங்க" என்பார்கள். கழல்வது பெரும்பாலும் யாரும் ஆட்டிப் பார்க்காத மூட்டுதான். அதனால் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகக் கவனித்து, அத்தனையும் கைவிட்டால்கூடக் கருவி தரையைத் தொடாதபடி கடைசியில் ஒரு பிடி போட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் செய்யப் போகிறோம்.

நான் சொல்லும் அளவுகள் என் 411 சிசி ஹிமாலயனில், கார்மின் ஜூமோ எக்ஸ்டி போன்ற தனி ஜிபிஎஸ் கருவியைப் பொருத்திய அனுபவத்தில் வந்தவை. கிளாசிக், பல்சர், அப்பாச்சி எதுவானாலும் முறை இதேதான். கைபேசி வைப்பவர்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவசரமாகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

முதலில் அட்டையை வைத்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து 15 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். 5.5 அங்குலத் திரை கொண்ட கருவி ஏறக்குறைய அந்த அளவுதான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்காருங்கள். அட்டையைப் பல இடங்களில் டேப்பால் ஒட்டி ஒட்டிப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சாலையில் இருக்கும் கண், தலை குனியாமல் அந்த அட்டைக்குப் போய்த் திரும்ப முடிகிறதா? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரே நொடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். பெட்ரோல் டேங்க் மேல் வைக்கும் டேங்க் பேக்கின் வரைபட உறையை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே பார்க்க முகவாய் நெஞ்சைத் தொட வேண்டும். ஸ்பீடோமீட்டருக்கு மேலேயோ அதை ஒட்டியோ இருப்பதுதான் நல்ல இடம்.

அட்டை இருக்கும்போதே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்பீடோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் மறைகின்றனவா? சாவியைப் போடவும் திருகவும் இடம் இருக்கிறதா? ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் அட்டை டேங்கிலோ விண்ட்ஷீல்டிலோ இடிக்கிறதா? பெட்ரோல் மூடி திறக்கிறதா? நின்றுகொண்டு ஓட்டுபவர்கள் ஃபுட்பெக்கில் எழுந்து நின்றும் பாருங்கள். குளிர்கண்ணாடி போலரைஸ்டு வகையாக இருந்தால், கருவியை நிறுத்தியும் படுக்கவைத்தும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்க்க வேண்டும். சில திரைகள் ஒரு நிலையில் கறுப்பாகவே தெரியும். வானம் கருவிக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மெல்லிய பிளாஸ்டிக் விண்ட்ஷீல்டால் சிக்னலுக்குக் கெடுதல் இல்லை, உலோகத் தகட்டுக்கு அடியில் வைத்தால் கெடும்.

குழாயின் அளவை நூலால் எடுக்கலாம்

நம் ஊர்ச் சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் 22 மி.மீ. விட்டம் கொண்டது. ஹார்லி போன்ற குரூஸர்களில் 25.4 மி.மீ., அதாவது சரியாக ஓர் அங்குலம். சில புதிய வண்டிகளின் தடித்த ஹேண்டில்பார்கள் நடுவில் 28.6 மி.மீ. இருந்து முனைக்குப் போகப் போக 22க்கு ஒடுங்கும்.

வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால் கவலை வேண்டாம். நூல் ஒன்றைக் குழாயில் ஒரு சுற்று சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, ஸ்கேலில் அளந்து பாருங்கள். 69 மி.மீ. வந்தால் குழாய் 22 மி.மீ. வகை. 80 வந்தால் ஓர் அங்குலம். 90 வந்தால் 28.6. கிளாம்ப் வைக்கப்போகும் அதே இடத்தில்தான் அளக்க வேண்டும், கிரிப்புக்குப் பக்கத்தில் இல்லை. தவறான அளவு கிளாம்பை வாங்கிவிட்டு ரப்பரைச் சுற்றிச் சுற்றிச் சரிக்கட்டுவதுதான் பாதித் தளர்வுகளுக்கு ஆரம்பம்.

எந்த வகைப் பிடி?

ஹேண்டில்பாரில் 'யூ' வடிவ போல்ட்டால் இறுகும் உலோக அடித்தளத்தைத்தான் முதலில் சொல்வேன். ராம் மவுன்ட்ஸ் நிறுவனத்தின் ஓர் அங்குலப் பந்து அமைப்பு உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. அதே அளவில் மற்ற நிறுவனங்களும் செய்கின்றன. பந்தின் அளவு ஒன்றாக இருந்தால் கையை, தட்டை, அடித்தளத்தைக் கலந்து பொருத்தலாம். பின்னால் கருவி மாறினாலும் அடித்தளத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆர்15, ஆர்எஸ்200 போல கிளிப்-ஆன் ஹேண்டில் உள்ள வண்டிகளில் நேரான குழாயே இருக்காது. அவற்றில் ஃபோர்க்கின் மேல் தட்டு நடுவே இருக்கும் ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கும் ஸ்டெம் மவுன்ட் நன்றாக இருக்கும். ஓட்டையின் உள்விட்டத்தை மட்டும் சரியாக அளந்து வாங்குங்கள்.

கண்ணாடித் தண்டில் பொருத்தும் வகையும் உண்டு. அதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஹேண்டில்பாரின் முனைப் பக்கம் போகப் போக அதிர்வு கூடும், கருவியும் பார்வைக்கு ஓரமாகப் போய்விடும். முன் விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் குறுக்குக் கம்பி இருக்கும் வண்டிகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கண் உயரத்துக்கு வந்துவிடும், ஹேண்டில் திரும்பினாலும் கருவி திரும்பாது.

இரண்டு விரலால் திருகி மாட்டும் பிளாஸ்டிக் கிளாம்புகளைத் தெருவுக்கு ஒரு கடையில் விற்கிறார்கள். உள்ளூரில் மெதுவாகப் போவதற்கு ஓடும். வெயிலில் ஒரு வருடம் நின்ற பிளாஸ்டிக் மலைச் சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கருவியின் விலையோடு ஒப்பிட்டால் உலோகப் பிடிக்கு ஆகும் கூடுதல் செலவு சின்னது.

அடித்தளத்தை இறுக்குவது

இடத்தைப் பேனாவால் குறியுங்கள். முடிந்தவரை ஹேண்டில்பாரின் நடு கிளாம்புக்கு அருகில் வையுங்கள், அங்கேதான் அதிர்வு குறைவு. குழாயை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். பாலிஷ், எண்ணெய், செயின் ஸ்பிரேயின் படிவு ஏதாவது இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கிளாம்ப் சுழலும்.

குரோம் பூசிய குழாயானால் அடியில் மெல்லிய ரப்பர் ஒரே ஒரு அடுக்கு போடலாம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டை இதற்கு அருமையாகப் பொருந்தும். கீறலும் விழாது, வழுக்கலும் நிற்கும். ஓர் அடுக்குக்கு மேல் வேண்டாம். தடித்த ரப்பர் வெயிலில் நசுங்கிக்கொண்டே போகும், போல்ட்டின் இறுக்கம் அதோடு சேர்ந்து குறையும்.

'யூ' போல்ட்டை மாட்டி இரண்டு நட்டுகளையும் கையால் முடுக்கிவிட்டு, ஸ்பேனரால் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் போல்ட் சாய்வாக உட்காரும். முடிந்ததும் இரண்டு பக்கமும் நட்டுக்கு வெளியே தெரியும் மரையின் நீளம் சமமாக இருக்க வேண்டும். நைலாக் நட்டு, அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டாக இருப்பது அவசியம். சாதா நட்டு வந்திருந்தால் ஹார்டுவேர் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முறை கழற்றிய நைலாக் நட்டின் பிடி குறைந்துவிடும், அதனால் நான் மறுபடி மாட்டும்போது புதிதே போடுகிறேன்.

இப்போது பந்தை உள்ளங்கையால் பிடித்து முழு பலத்தோடு முன்னும் பின்னும் முறுக்குங்கள். குழாயைச் சுற்றி நகர்ந்தால் இன்னும் கால் சுற்று.

கையும் பந்தும்

இரண்டு பந்துகளுக்கு நடுவே வரும் கையைப் பொறுத்தவரை நீளம் குறையக் குறைய நல்லது. ஏறக்குறைய 6 செ.மீ. நீளத்தில் ஒன்றும், 9 செ.மீ. சொச்சம் நீளத்தில் ஒன்றும் பரவலாகக் கிடைக்கும். கருவி ஏறக்குறைய 260 கிராம்தான் என்றாலும், வேகத்தடையில் வண்டி துள்ளும்போது நீண்ட கை அதைச் சாட்டை மாதிரி வீசும். திரை நடுங்கி எழுத்து மங்குவதற்கும் கையின் நீளம் ஒரு காரணம். குட்டைக் கையில் இடம் போதவில்லை என்றால் மட்டும் நீளத்துக்குப் போங்கள்.

பந்துகள் ரப்பர் பூச்சோடு வரும். அதில் எண்ணெயோ கிரீஸோ டயர் பாலிஷோ படக்கூடாது. திருகை இறுக்கிய பின் கருவியைப் பலமாக அழுத்தினால்தான் பந்து மெதுவாக முனகி நகர வேண்டும், தானாகச் சாயக்கூடாது. தொலைதூரப் பயணத்துக்கு முன் அரைச் சுற்று கூடுதலாக இறுக்கிவிடுவேன்.

என்னை ஏமாற்றிய நான்கு ஸ்க்ரூக்கள்

பந்தின் மறுமுனையில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அதில் 30 மி.மீ. × 38 மி.மீ. இடைவெளியில் நான்கு ஓட்டைகள் இருந்தால் அது ஆம்ப்ஸ் அமைப்பு. பெரும்பாலான ஜிபிஎஸ் தொட்டில்கள், அதாவது கருவி உட்காரும் சட்டங்கள், இதற்கே செய்யப்படுகின்றன, எம்4 ஸ்க்ரூக்களால் இணையும்.

இவை சின்னவை, கண்ணில் படாத பின்பக்கத்தில் இருப்பவை, அதிர்வைத் தினமும் வாங்குபவை. இங்கேயும் நைலாக் நட்டு, தலைக்கு அடியில் ஒரு வாஷர் போடுங்கள். நான்கையும் முதலில் தளர்வாக மாட்டி, அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இறுக்குங்கள்.

மரை கழலாமல் ஒட்டிப் பிடிக்கும் திரவமான நீல நிற லாக்டைட் ஒரு துளி போடலாமா என்று பலர் கேட்பார்கள். உலோகத்தில் உலோக மரை இறங்கும் இடத்தில் தாராளமாகப் போடலாம். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற நெருப்பு காட்ட வேண்டி வரும். பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில் மட்டும் நீலமும் கூடாது. அந்தத் திரவம் சில வகை பிளாஸ்டிக்கில் நாளடைவில் விரிசல் விழச் செய்யும். தொட்டில் பிளாஸ்டிக்காக இருந்தால் நைலாக் நட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் தட்டு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஸ்க்ரூ திரும்பியிருந்தால் கோடு உடைந்து தெரியும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை போதும், ஸ்பேனரே எடுக்க வேண்டாம். கொல்லிமலையில் இந்தக் கோடு இருந்திருந்தால் நாமக்கல்லிலேயே கவனித்திருப்பேன்.

மின்சாரம்: இங்கே நிதானம் வேண்டும்

ஜூமோ எக்ஸ்டியின் உள் பேட்டரி, திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் சுமார் 3.5 மணி நேரம்தான் தாங்கும். நம் வெயிலில் முழு வெளிச்சம் இல்லாமல் திரை தெரியாது. ஆக, வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்தே ஆக வேண்டும்.

நேராக பேட்டரியில் இணைத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சின்ன விளக்கு எரியும் ஒரு யூஎஸ்பி சார்ஜர் 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் எட்டே நாளில் பாதி காலி. ஊருக்குப் போய்விட்டு வந்து ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் பலவற்றின் கதை இது.

ஹெட்லைட் வயரை வெட்டி அங்கிருந்து எடுப்பது இன்னொரு வழக்கம். அதையும் தவிருங்கள். கம்பெனி வயரிங்கை வெட்டினால் வாரன்டி கேள்விக்குள்ளாகும், அந்த ஒட்டு மழையில் துரு ஏறிப் பின்னால் ஹெட்லைட்டையே அணைத்துவிடும்.

சரியான வழி ரிலே, அதாவது சாவி போட்டால் மட்டும் பேட்டரி மின்சாரத்தைக் கருவிக்குத் திறந்துவிடும் தானியங்கி சுவிட்ச். நான்கு கால் 12 வோல்ட் ரிலே ஒன்று, ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 3 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், 1 சதுர மி.மீ. அளவுள்ள வளையும் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் சில மீட்டர், வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் (கிரிம்ப் செய்யும்) உலோக லக்குகள், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஆகியவற்றை ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியை எடுக்கும்போது முதலில் கழற்ற வேண்டியது மைனஸ், திரும்ப மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டியதும் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி சேஸிஸில் பட்டதும் நெருப்புப்பொறி பறக்கும்.

அப்புறம் இணைப்புகள். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்ற காலுக்கு பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக சிவப்பு வயர். அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவுமில்லை. 87லிருந்து கருவிக்கு. 85ஐ பேட்டரி மைனஸுக்கு. 86க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு வயரிலிருந்து சிக்னல். பின்பக்க பார்க்கிங் விளக்கின் வயர் இதற்கு வசதி, சீட்டுக்கு அடியிலேயே கிடைக்கும்.

அந்த வயரை நிறத்தை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் பிடித்து, சிவப்பு முனையால் தேடுங்கள். சாவி போட்டால் 12க்கு மேல், எடுத்தால் பூஜ்யம். பிரேக் அழுத்தினால் மட்டும் வரும் வயரைத் தவறி எடுத்துவிடாதீர்கள். சில புதிய வண்டிகளில் துணைக்கருவிகளுக்கென்றே சாவியோடு இயங்கும் இணைப்பு கொடுத்திருப்பார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அப்படி இருந்தால் ரிலே வேலையே மிச்சம், கையேட்டில் சொன்ன ஆம்பியர் அளவுக்குள் மட்டும் இருங்கள்.

வயர்களை முறுக்கி டேப் ஒட்டுவது வேண்டாம். சால்டர் செய்வது வீட்டு ரேடியோவுக்குச் சரி, பைக்கில் ஈயம் ஏறி விறைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இழைகள் அதிர்வில் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். நன்றாகக் கிரிம்ப் செய்த லக்கும் மேலே ஹீட் ஷ்ரிங்க்கும்தான் நிற்கும். கிரிம்ப் செய்த பின் இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் மறுபடி.

கருவியோடு வரும் பவர் கேபிளில் ஃபியூஸ் வைத்த பகுதி இருந்தால் அதை நீளம் குறைப்பதற்காக வெட்டிவிடாதீர்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சார்ஜரைத் தனியாக வாங்குபவர்கள், இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்து, அதைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

வயர் போகும் பாதை

வயர் மூன்றிலிருந்து விலகி இருக்க வேண்டும்: சூடு, உரசல், இழுவை. சீட்டுக்கு அடியிலிருந்து டேங்குக்குக் கீழே, கம்பெனி வயரிங் போகும் அதே வழியில் கூட்டிச் செல்லுங்கள். இன்ஜின் தலையையும் சைலன்சரையும் தொடவே கூடாது. உலோக விளிம்பைத் தாண்டும் இடங்களில் ஒரு ஸ்லீவ் போடுங்கள்.

ஸ்டியரிங் தலைப்பகுதியில்தான் தவறு நடக்கும். ஹேண்டிலை இடமும் வலமும் கடைசி வரை திருப்பிக்கொண்டே கேபிள் டை போடும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயரில் கொஞ்சம் தளர்வு மீதி இருக்க வேண்டும், அதே சமயம் தொங்கி எதிலும் மாட்டவும் கூடாது. கிளட்ச் கேபிளோடும் ஆக்சிலேட்டர் கேபிளோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். பிரேக் ஹோஸோடும் அப்படியே.

முடிந்ததும் இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை முழுக்க இரு பக்கமும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் எங்கோ வயர் ஆக்சிலேட்டர் கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் டக்கென்று திரும்பி வர வேண்டும். இதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கடைசிப் பிடி

இவ்வளவு செய்தும் ஏதோ ஒரு மூட்டு ஒரு நாள் கைவிடலாம். அன்றைக்குக் கருவியைத் தாங்க ஒரு கயிறு. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஸ்டீல் கம்பியோ, பின்னிய நைலான் கயிறோ போதும். ஒரு முனை கருவியிலோ தொட்டிலிலோ உள்ள துளையில், மறுமுனை நேராக ஹேண்டில்பார் குழாயில். கயிற்றை மவுன்ட்டின் கையிலேயே கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கை கழன்றால் கயிறும் சேர்ந்துதான் போகும்.

நீளம் 15 செ.மீ.க்குள் இருக்கட்டும். கருவி தொங்கினாலும் முன் சக்கரத்தையோ ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் நடுவையோ எட்டக்கூடாது. கருவியைக் கையால் தொங்கவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோதனை ஓட்டம்

ஓட்டுவதற்கு முன், கருவியை மட்டும் பிடித்து வண்டியையே ஆட்டுங்கள். வண்டி அசைய வேண்டும், மவுன்ட் அசையக்கூடாது. அப்புறம் தெரிந்த சாலையில் ஐந்து கிலோமீட்டர். வேகத்தடைகள் இருக்கும் சாலையாகவே தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் உட்கார்ந்துவிட்டதால் முதல் ஓட்டத்துக்குப் பின் 'யூ' போல்ட் அநேகமாகக் கொஞ்சம் இடம் கொடுக்கும். 50 கி.மீ.யில் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கும்.

இரவிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பகலில் சரியாக இருந்த வெளிச்சம் இருட்டில் கண்ணைப் பறிக்கும். இரவு நிறத்துக்குத் தானாக மாறும்படி அமைப்பில் வைத்துவிடுங்கள்.

கைபேசியைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால்

மேலே சொன்ன அனைத்தும் பொருந்தும். கூடுதலாக ஒரு பெரிய விஷயம்: கேமரா. இப்போதைய நல்ல கைபேசிகளில் படம் நடுங்காமல் இருக்க லென்ஸ் நுண்ணிய சுருள்களில் மிதக்கும். பெரிய மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அந்த அமைப்பு கெடக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. ஒற்றை சிலிண்டர் வண்டிகள் நிறைந்த நம் ஊரில் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அதிர்வைக் குறைக்கும் டேம்பரோடு வரும் மவுன்ட்டை வாங்குங்கள், குவாட் லாக் போன்றவை அதைத் தனியாகவே விற்கின்றன. என் விருப்பம் இன்னும் எளிமையானது: அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசி. ஜிபிஎஸ் இயங்க சிம் கார்டு தேவையில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகளில் தமிழ்நாடு முழுவதையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத மலையிலும் வழி காட்டும். கேமரா கெட்டாலும் நஷ்டமில்லை.

அடுத்தது சூடு. ஐபோன் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தவே செய்யப்பட்டது என்று அதன் குறிப்பே சொல்கிறது. மே மாத வேலூரில் 40 டிகிரி சாதாரணம். வெயிலில் சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் திரை மங்கும், பிறகு அணைந்தே போகும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பைக்குள் அடைக்காதீர்கள். மழையில் தொடுதிரை துளிகளையே விரலாக எடுத்துக்கொண்டு வரைபடத்தைத் தாறுமாறாக நகர்த்தும், ஓடும்போது திரையைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஈரமான சார்ஜிங் துளையில் வயர் செருகுவது கைபேசியைக் கொல்லும் சுலபமான வழி.

நான்கு கால்களால் கவ்வும் பிடியில் கூடவே வரும் ரப்பர் வலையைத் தூக்கி எறியாமல் மாட்டுங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை.

சட்டம், கழுவுதல், டீக்கடை

வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பது குற்றம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் கலையாதபடி வழி காட்டுவதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. ஆகவே போக வேண்டிய இடத்தை நின்றபோதே பதிவு செய்துவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்துங்கள். ஹெல்மெட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் வழியை மட்டும் குரலில் கேட்டுக்கொண்டு போகலாம், திரையைப் பார்க்கும் தேவை பாதியாகும்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது கருவியை எடுத்துவிடுங்கள். நீர் புகாமைக்கான தரக் குறியீடு ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள், அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீருக்கு அது சோதிக்கப்பட்டதில்லை. தொட்டிலின் மின்முனைகளை ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

டீ குடிக்க நிறுத்தினாலும் கருவி கையோடு வரட்டும். மவுன்ட் கையின் திருகுக்குப் பதிலாகத் தனிச் சாவியால் மட்டும் திறக்கும் பூட்டுத் திருகுகள் கிடைக்கின்றன. அவை மவுன்ட்டைக் காக்கும், கருவியைக் காக்க நம் சட்டைப்பைதான்.

ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது மவுன்ட்டை அடியோடு கழற்றுங்கள். ரப்பர் பட்டை தட்டையாகியிருந்தால் புதிது வெட்டிப் போடுங்கள். நைலாக் நட்டுகள் அத்தனையும் புதிது. ஃபியூஸின் கால்களில் பச்சை படிந்திருந்தால் மாற்றுங்கள். கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக நெயில் பாலிஷ் கோட்டைப் புதிதாக இழுத்துவிட்டுப் பொட்டு வையுங்கள்.